டாங்ராவின் சீன உணவகக் குடும்பங்கள்

டாங்ராவின் சீன உணவகக் குடும்பங்கள் என்போர் கொல்கத்தாவின் கிழக்குப் பகுதியிலுள்ள டாங்ராவில் வாழும் ஹாக்கா சீன வழியினர் ஆவர். தோல் பதனிடும் தொழிலுக்காகக் குடியேறிய இவர்கள், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உணவகத் தொழிலுக்கு மாறினர். இம்மாற்றத்தில் குடும்பங்களின் மூத்த பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய தமிழகத் தோல் தொழில் நகரங்களின் வரலாற்றோடு டாங்ராவின் வரலாறு பல இடங்களில் ஒத்துச் செல்கிறது.

குடியேற்றம்

கொல்கத்தா அருகே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாங் அச்சூ என்பவர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுக் கரும்பாலை அமைத்தார். அவ்விடம் இன்று அச்சிப்பூர் என அழைக்கப்படுகிறது. பின்னர் வந்த சீனர்களுள் கான்டனியர் தச்சு வேலையிலும், ஹூப்பே மாகாணத்தார் பல் மருத்துவத்திலும், ஹாக்கா மக்கள் காலணி, தோல் தொழில்களிலும் ஈடுபட்டனர்.

இந்தியச் சாதி அமைப்பில் தோல் தொழில் தீட்டாகக் கருதப்பட்டதால் அதில் போட்டி குறைவாக இருந்தது. ஹாக்கா மக்களுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. வேலூர் வட்டாரத்தில் இத்தொழிலைப் பெரும்பாலும் இசுலாமிய வணிகர்கள் வளர்த்ததை இதனோடு ஒப்பிடலாம்.

குடும்ப அமைப்பும் பெண்களும்

டாங்ராவில் வீடும் ஆலையும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருந்தன. ஆலையின் உரிமை தந்தையிடமிருந்து மகன்களுக்குச் சென்றது. ஆயினும் பெண்கள் வீட்டு வேலையோடு ஆலை வேலையிலும் பங்கேற்றனர். அவ்வுழைப்புக்குத் தனியாகக் கூலி கிடையாது. இக்குடும்பங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் எலன் ஆக்ஸ்ஃபெல்டு, 'பிளட், ஸ்வெட் அண்ட் மாஜாங்' (1993) என்னும் நூலை எழுதியுள்ளார்.

1962 போரும் தடுப்பு முகாமும்

1962 இந்திய-சீனப் போரின்போது இந்தியாவில் வாழ்ந்த சீன வழியினர் ஐயத்துக்கு உள்ளாயினர். அசாம், டார்ஜிலிங் முதலிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர் விசாரணையின்றிக் கைது செய்யப்பட்டு, இராஜஸ்தானிலுள்ள தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் முதியோரும் இருந்தனர். 1963இல் சீன அரசு அனுப்பிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து ஒரு பகுதியினரை ஏற்றிச் சென்றன. எஞ்சியோரில் சிலர் 1967 வரை விடுவிக்கப்படவில்லை. கொல்கத்தாவில் இருந்தவர்களும் காவல் நிலையத்தில் பதிவு, பயணக் கட்டுப்பாடு போன்றவற்றால் துன்புற்றனர். பலர் பின்னர் கனடாவின் டொராண்டோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். கனடாவில் வாழும் முன்னாள் கைதிகள், இந்திய அரசு மன்னிப்புக் கோர வேண்டும் எனக் கேட்டு வந்துள்ளனர்.

மோனிகா லியூ

உணவகக் குடும்பத் தலைவியருள் பரவலாக அறியப்பட்டவர் மோனிகா லியூ ஆவார். சில்லாங்கில் வாழ்ந்த இவரது குடும்பம் 1962 போரையடுத்துத் தேவ்லி முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அப்போது இவர் சிறுமி. பின்னாளில் கொல்கத்தாவில் கிம் லிங், பெய்ஜிங் உள்ளிட்ட உணவகங்களின் உரிமையாளரானார். ஊடகங்கள் இவரை 'டாங்ராவின் டான்' எனக் குறிப்பிடுகின்றன. தடுப்பு முகாமில் பள்ளிப் பருவத்தை இழந்த ஒருவர் அதே நாட்டில் நகரறிந்த தொழில்முனைவோராக உயர்ந்ததால், இவரது வாழ்க்கை இச்சமூகத்தின் வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

கொல்கத்தா சீனர்களைப் பற்றி ரஃபீக் எலியாஸ் இயக்கிய 'தி லெஜண்ட் ஆஃப் ஃபேட் மாமா' (2005) என்னும் ஆவணப்படத்தின் பெயரும், நூடுல்ஸ் செய்து புகழ்பெற்ற ஒரு பெண்மணியைக் குறிப்பதே ஆகும்.

1996 தீர்ப்புகள்

1996இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகள் தொடர்பாக இரு முக்கியத் தீர்ப்புகளை வழங்கியது. இரு அமர்வுகளிலும் நீதிபதி குல்தீப் சிங் இடம்பெற்றிருந்தார்.

ஆகஸ்ட் 28: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றை மாசுபடுத்திய ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது.

டிசம்பர் 19: எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், டாங்ரா, தில்ஜலா, டோப்சியா முதலிய பகுதிகளின் ஆலைகள் நகரை விட்டு வெளியேற ஆணையிடப்பட்டது. அவற்றுக்குப் பான்தலாவில் தோல் வளாகம் ஒதுக்கப்பட்டது.

வேலூர் வட்டாரத்தில் ஆலைகள் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இணைந்து அதே ஊர்களில் தொடர முடிந்தது. டாங்ராவில் அவ்வழி அடைபட்டது. பான்தலாவில் புதிய ஆலை அமைக்கப் பெரும் முதலீடு தேவைப்பட்டது. பிள்ளைகளுள் பலர் அதற்குள் வெளிநாடு சென்றிருந்தனர். முன்பே டாங்ராவில் சில உணவகங்கள் இயங்கி வந்த நிலையில், மேலும் பல குடும்பங்கள் தம் வளாகங்களை உணவகங்களாக மாற்றின. கூலியின்றி நடந்து வந்த வீட்டுச் சமையல், குடும்பத்தின் வருவாய்க்கு வழியானது.

உணவு

டாங்ரா உணவு வகை சீன முறையில் சமைக்கப்பட்டாலும், பச்சை மிளகாய், பூண்டு, சோயா சாறு ஆகியவை மிகுதியாகச் சேர்க்கப்பட்டு இந்தியச் சுவைக்கு ஏற்ப அமைந்தது. ஹாக்கா நூடுல்ஸ், சில்லி சிக்கன் ஆகியன இதன் அடையாளங்கள். கொல்கத்தாவில் பிறந்த சீன வழியினரான நெல்சன் வாங் 1975இல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார். அதன் சைவ வடிவமான கோபி மஞ்சூரியன் தமிழகத்தின் சிற்றூர் தள்ளுவண்டிக் கடைகள் வரை பரவியுள்ளது. சீரகச் சம்பா பிரியாணிக்குப் பெயர்பெற்ற ஆம்பூரைப் போலவே, டாங்ராவும் தோலுக்கும் உணவுக்கும் ஒருசேர அறியப்பட்ட ஊராகும்.

தற்போதைய நிலை

தொடர்ந்த குடிபெயர்வால் கொல்கத்தாவில் சீன வழியினரின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துள்ளது. உணவகங்கள் பலவற்றில் சமையலையும் பரிமாறுதலையும் சீனரல்லாத பணியாளர்களே செய்கின்றனர். டாங்ராவிலுள்ள சீனக் காளி கோயிலில் நூடுல்ஸ் படைக்கப்படும் வழக்கம் தொடர்கிறது.