ஓயாமல் படித்த இயந்திரம்

கணிப்பொறிக்கு உலக ஞானத்தைப் புகட்டுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு அமெரிக்க அறிஞர்கள் இரு வேறு விடைகள் கண்டனர். முதலாவது டக்ளஸ் லெனட் என்பாருடையது. 1984-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் அவர் தொடங்கிய ‘சைக்’ என்னும் திட்டத்தில், எவரும் அறிந்த சாதாரண உண்மைகளை மனிதர்களே ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தனர். பல பத்தாண்டுகள் உழைத்தும் அப்பணி முடிந்தபாடில்லை.

இயந்திரமே படித்துக் கற்கட்டுமே என்பது இரண்டாவது விடை. பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிச்சலும் அவர் குழுவினரும் 2010 ஜனவரியில் ஓர் இயந்திர மாணவனை இணையத்தின் முன் அமர்த்தினர். ‘ஓயாது மொழி கற்பவன்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டனர். அப்பெயர் நம் செவிக்கு ‘நெல்’ என்றே ஒலிக்கும். விதைநெல் போலவே சிறிதளவுதான் அதற்குக் கொடுக்கப்பட்டது: நகரம், நிறுவனம் முதலான தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகள். தனக்குத் தெரிந்த நகரப் பெயர்கள் ‘இன்ன ஊரின் மேயர்’ என்ற தொடரில் வருவதைக் கண்டால், அத்தொடரில் வரும் பிற பெயர்களும் நகரங்களே என அது ஊகிக்கும். அப்புதிய பெயர்கள் வேறு தொடர்களைக் காட்டும். அவை மேலும் பெயர்களைத் தரும். இரவும் பகலும் இதே வேலை.

அறுபத்தேழு நாட்களில் 2,42,000-க்கு மேற்பட்ட செய்திகள் சேர்ந்தன. ஆயினும் முதற்பகுதியில் கற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாயிருக்க, கடைசிப் பகுதியில் அது ஐம்பத்தேழாகச் சரிந்தது என மதிப்பிட்டனர். காரணம் என்ன?

வடநாட்டில் குடியேறிய நேயர்கள், இந்தியில் ‘கல்’ என்ற ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிப்பது கேட்டு முதலில் திகைத்திருப்பீர்கள். அண்டை வீட்டார் யாரேனும் விளக்கியிருப்பர். நெல்லுக்கு அத்தகைய அண்டை வீட்டார் இல்லை. ஆங்கிலத்தில் ‘குக்கி’ என்பது ஒருவகை பிஸ்கட். இணையத்திலோ கணிப்பொறியில் பதியும் சிறு குறிப்பு. இணையக் குக்கியையும் நெல் தின்பண்டமாகவே கொண்டது. ‘குக்கிகளை அழித்தேன்’, ‘கோப்புகளை அழித்தேன்’ என்ற வாக்கியங்களை அடுத்தடுத்துப் படித்ததும், கோப்புகளும் அடுப்பில் சுட்ட பண்டங்களாயின! நாளெல்லாம் கோப்புகளோடும் அகராதியோடும் மன்றாடும் எம்போன்ற மொழிபெயர்ப்பாளர் இதைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் ஒரு பிழை தன் இனத்தைப் பெருக்கும் வேகம் நகைப்புக்குரியதன்று.

பிழைகளுக்கு அணையிட விதிகளும் இல்லாமல் இல்லை. மனிதராயிருப்பது நகரமாயிருக்க இயலாது. ஒரே செய்தியைப் பல முறைகள் தனித்தனியே உறுதி செய்தல் வேண்டும். இவை உதவின, ஆனால் போதவில்லை. எனவே, ஆறு மாதங்கள் தனித்துப் பயின்ற மாணவனை, 2010 ஜூன் முதல் ஆசிரியர்கள் கண்காணிக்கலாயினர். இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு தலைப்புக்கும் ஏறக்குறைய ஐந்து நிமிடம் செலவிட்டு, அப்பட்டமான தவறுகளை மட்டும் திருத்தினர். எழுதிக் கொடுக்கும் உழைப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பமே. எனினும் அந்த ஐந்து நிமிடத்தை விலக்க முடியவில்லை என்பதையே இம்முயற்சியின் தலையாய செய்தியாக நான் கொள்கிறேன்.

2018-இல் வெளியான அறிக்கையின்படி நெல்லின் களஞ்சியத்தில் 12 கோடிச் செய்திகள் இருந்தன. அவற்றை ‘உண்மைகள்’ என்னாமல் ‘நம்பிக்கைகள்’ என்றே ஆய்வாளர் குறித்தனர்; எவ்வளவு நம்பலாம் என்ற அளவும் ஒவ்வொன்றோடும் பதிவாகியிருந்தது. அதன்பின் வந்த பெரு மொழி இயந்திரங்களும் படித்தே கற்கின்றன. ஆனால் கற்றதை இவ்வாறு வரிசையாக எழுதி, பிறர் பார்த்துத் திருத்தும் ஏடாக அவை வைத்திருப்பதில்லை.