கேடிப் பட்டியலும் கூடுதல் தண்டனையும்

‘சரியான கேடிப்பய!’ என்று பிள்ளைகளைச் செல்லமாகத் திட்டாத வீடு நம்மில் குறைவு. இந்தச் சொல் காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து நம் வாய்க்கு வந்தது என்பார்கள். ‘அறியப்பட்ட கொள்ளையர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு போலீசார் ‘கே.டி. லிஸ்ட்’ வைத்திருந்தார்கள்; அதில் பேர் ஏறியவன் கேடி ஆனான். ஒருவன் செய்த குற்றத்துக்காகத் தண்டனை கூடுவது வேறு. அவன் ஒரு பட்டியலில் இருப்பதற்காகக் கூடுவது வேறு. நம் நாட்டுச் சட்டத்தில் இவ்விரண்டும் கலந்து கிடந்த கதை நீண்டது. சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில், நியாயமான பகுதி. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நாணயம், சொத்து தொடர்பான குற்றங்களில், மூன்றாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய ஒன்றுக்காக முன்பே தண்டிக்கப்பட்டவன் அதே வகைக் குற்றத்தை மறுபடி செய்தால், ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம். சாதாரணத் திருட்டுக்கு உச்ச தண்டனை மூன்றாண்டுதான். பழைய தண்டனை ஒன்று நிரூபணமானால் அந்த உச்சம் எங்கோ போய்விடும். ஆனாலும் இங்கே ‘விதிக்கலாம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். உச்சத்தைத்தான் உயர்த்தினார்கள், நீதிபதியின் கையைக் கட்டவில்லை.

விசாரணை முறையிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. முந்தைய தண்டனையைக் குற்றச்சாட்டில் எழுத வேண்டும். ஆனால் செஷன்ஸ் நீதிமன்றத்தில், நடப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்மானிக்கும் வரை அதை வாசிக்கக் கூடாது. ‘பழைய திருடன்தானே, இதையும் இவன்தான் செய்திருப்பான்’ என்ற எண்ணம் முன்கூட்டியே புகுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இந்த நிதானத்தை உடைத்தது 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1869ல், இங்கிலாந்திலும் வழக்கமான குற்றவாளிகளைக் கண்காணிக்க ஒரு சட்டம் வந்தது. அங்கே தனி மனிதர்கள் செய்த குற்றங்களை எண்ணினார்கள். இங்கேயோ முழுச் சமூகங்களையே அறிவிக்கை செய்தார்கள். தச்சன் மகன் தச்சனாவது போலத் திருடன் மகன் திருடனாவான் என்பதுதான் அதன் அடியில் கிடந்த எண்ணம். முதலில் வட இந்தியப் பகுதிகளில் இருந்த சட்டம், 1911ல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊர்களில் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள். கைரேகை வைக்க மறுத்ததற்காக உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தார்கள்.

பெருங்காமநல்லூரைப் பலர் அறிவார்கள். அதே சட்டத்தின் தண்டனைப் பிரிவைப் பற்றித்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொன்னது இது: குற்றப் பரம்பரையைச் சேர்ந்த ஒருவர் அட்டவணையிலுள்ள குற்றத்துக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை; மூன்றாம் முறை என்றால் ஆயுள் முழுக்க நாடு கடத்தல். குறைக்க வேண்டுமானால் நீதிபதி சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பிலேயே எழுத வேண்டும். 1994ல் கலிபோர்னியா ‘மூன்றாம் முறை என்றால் இருபத்தைந்து ஆண்டு முதல் ஆயுள் வரை’ என்று சட்டம் போட்டபோது உலகமே வியந்து பேசியது. 2012ல் மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தளர்த்தினார்கள். அதே கணக்கு இங்கே எப்போதோ வந்துவிட்டது, பிறப்பைச் சேர்த்து!

ஒரே கூண்டில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே குற்றம், அதே எண்ணிக்கையில் பழைய தண்டனை. ஒருவருக்கு 75ஆம் பிரிவின்படி நீதிபதி யோசித்துத் தண்டனை தரலாம். மற்றவருக்கு, பிறந்த சமூகத்தின் பேரால், ஏழாண்டில்தான் கணக்கே தொடங்கும். போதாக்குறைக்கு, பதிவானவர் காவல் நிலையத்தில் ஆஜராகாவிட்டால் அதுவே ஒரு குற்றம். திரும்ப நடந்தால் அதற்கும் தண்டனை கூடும். உறவுக்காரர் வீட்டுச் சாவுக்குச் சொல்லாமல் போனவர்கூட ‘விதி மீறியவர்’ ஆகிவிடலாம். இப்படிப் பட்டியலே குற்றங்களை உண்டாக்கி, அந்தக் குற்றங்களே பட்டியலுக்குச் சாட்சியும் சொல்லின.

சென்னை மாகாணம் 1947ல் இச்சட்டத்தை நீக்கியது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின், 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அது ஒழிந்தது. அந்தச் சமூகங்களைத் தமிழகத்தில் ‘சீர்மரபினர்’ என்கிறோம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. சென்னையில் 1948லும், பம்பாயில் 1959லும், வேறு பல மாநிலங்களிலும் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. இவை சாதியைப் பார்க்கவில்லை, தண்டனைகளை எண்ணின. கொள்கை அளவில் இது பெரிய திருத்தம்தான். நடைமுறையிலோ, ஏற்கெனவே போலீஸ் பார்வையில் இருந்தவர்களின் தண்டனைகளே சீக்கிரம் சேர்ந்தன. சில சிறைக் கையேடுகள் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற வகைக்குள் பழைய பரம்பரை அடையாளத்தை வெளிப்படையாகவே வைத்திருந்தன. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இதை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. மாநிலச் சட்டத்தில் உள்ள விளக்கத்தை மட்டுமே சிறைகள் பின்பற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 75ஆம் பிரிவு 13ஆம் பிரிவாக வாழ்கிறது. இரண்டாம் முறை திருட்டுக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு கடுங்காவல் என்று ஒரு கீழ்வரம்பும் புதிதாக வந்திருக்கிறது. முதல் முறை தவறியவருக்கோ, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளாக இருந்து அதைத் திருப்பித் தந்துவிட்டால், சமூக சேவையே தண்டனை.

‘திரும்பத் திரும்பத் திருடுறவனை விட்டுடச் சொல்றீங்களா?’ என்று கேட்கலாம். யாரும் விடச் சொல்லவில்லை. மறுபடி செய்ததற்குக் கூடுதல் தண்டனை என்பது உலகம் ஒப்புக்கொண்ட நியாயம். ஆனால் எத்தனை தடவை என்று எண்ணும் முன், எண்ணுகிற பேனா யார் வீட்டு வாசலில் அடிக்கடி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிழைக்க வந்த ஊரில் ‘நீங்க எந்த ஊரு?’ என்ற கேள்விக்குப் பின்னால் சந்தேகம் ஒளிந்திருப்பதை நம்மில் சிலராவது உணர்ந்திருப்போம். அந்தச் சந்தேகமே சட்டமாகி, பிறந்த குழந்தையின் மீதும் படிந்த காலம் ஒன்று இருந்தது. ‘கேடி’ என்று அடுத்த முறை விளையாட்டாகச் சொல்லும்போது, அதை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.