சீர்திருத்தமும் தோட்டத் தமிழரும்: வட சிலாங்கூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய சமுதாயச் சீர்திருத்தக் காலத்தை வரலாற்று மாணவர் அறிவர். அதே ஆண்டுகளில் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜூந்தை, பத்தாங் காலி, உலு யாம் முதலிய வட சிலாங்கூர் வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் வாழ்வு எவ்வாறு மாறியது என்பது அதே அளவிற்குப் பேசப்படுவதில்லை. சீர்திருத்தம் யாரால் கேட்கப்பட்டது, யாரால் தரப்பட்டது என்னும் வினாவை முன்வைத்து இவ்விரண்டையும் ஒப்புநோக்க இக்கட்டுரை முயல்கின்றது.

இரு நாடுகளையும் இணைத்த பால்மரம்

இவ்வொப்பீடு வலிந்து செய்யப்படுவதன்று. 1908-இல் ஃபோர்டு நிறுவனம் ‘டி’ வகை மோட்டார் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, சக்கரங்களுக்கு வேண்டிய இரப்பரின் தேவையும் பெருகிற்று. 1910-இல் இரப்பர் விலை உச்சத்தை எட்டியது. காடுகள் அழிந்து தோட்டங்களாயின. அவற்றில் பால்வெட்டத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். அமெரிக்கத் தொழிற்சாலையின் ஏற்றத்தாழ்வு நம் லயங்களின் அடுப்பில் தெரிந்தது என்றால் அது மிகையாகாது.

மேலிருந்து வந்த சட்டங்கள்

அமெரிக்காவில் சீர்திருத்தத்திற்கு வழிவகுத்தவை இதழ்களும் வாக்குச்சீட்டும் ஆகும். இறைச்சித் தொழிற்சாலைகளின் இழிநிலையை அப்டன் சிங்கிளேயரின் நாவல் 1906-இல் வெளிப்படுத்திற்று. அவ்வாண்டிலேயே உணவுத் தூய்மைச் சட்டம் நிறைவேறியது. 1911-இல் நியூயார்க் ஆடைத் தொழிற்சாலைத் தீவிபத்தில் 146 பேர் மாண்டபின், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வலுப்பெற்றன. 1920-இல் பெண்டிர் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றனர்.

மலாயாத் தோட்டத் தமிழருக்கு வாக்குமில்லை, மன்றமுமில்லை. ஆயினும் சட்டங்கள் வந்தன. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கப்பற் பயணச் செலவைத் தோட்ட முதலாளிகள் பகிர்ந்துகொண்டமையால், அச்செலவைக் கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏற்றும் வழக்கம் தளர்ந்தது. 1910-இல் ஒப்பந்த முறையில் புதிதாக ஆளெடுப்பது நிறுத்தப்பட்டது. கங்காணி முறையே நிலைபெற்றது. இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் பணியமர்த்தப்பட்டார். பின்னர்ச் சிலாங்கூர் உள்ளிட்ட முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நாட்கூலி வரையறுக்கப்பட்டது.

இவை நன்மைகளே. எனினும் இவற்றின் நோக்கம் தொழிலாளர் வரத்துத் தடைபடாமல் காப்பதாகவும் இருந்தது என்பதை மறத்தலாகாது. 1929-க்குப் பின் உலகப் பொருளாதாரம் வீழ்ந்தபோது கூலியும் வீழ்ந்தது. பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கொடுத்தவர் கையே எடுத்துக்கொண்டது.

தோட்டப் பள்ளி

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்துதல் வேண்டும் என விதித்தது. பல இடங்களில் கிராணியோ, கங்காணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியரானார். கற்பித்தல் தொடக்க நிலையைத் தாண்டவில்லை. தோட்டத்திலிருந்து வெளியேற அக்கல்வி உதவவில்லை. ஆயினும் மொழி அழியாமற் காத்தது. அமெரிக்காவில் 1916-இல் இயற்றப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1918-இல் செல்லாதாக்கியது. இங்கோ அரைகுறை மனத்துடன் இயற்றப்பட்ட விதியொன்று வேரூன்றிவிட்டது. மலேசியாவின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்டத்தில் தோன்றியவையே.

கீழிருந்து எழுந்த குரல்

1924-இல் தமிழ் நேசனும் 1935-இல் தமிழ் முரசும் தோன்றின. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயா வந்தார். சாதி, குடி, தன்மதிப்பு பற்றிய பேச்சு தோட்டங்களுக்குள்ளும் நுழைந்தது. இதன் விளைச்சல் 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் வெளிப்பட்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடை மூடல், பெண்களைத் துன்புறுத்துவதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன கோரிக்கைகளாயின.

அவற்றுள் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. துரையோ கிராணியோ எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமற் செல்ல இசைவு வேண்டும் என்பதே அது. காசால் அளக்க முடியாத கோரிக்கை இது. கூலியைச் சட்டம் வரையறுக்கலாம். இறங்கி நிற்கும் கால்களின் மானத்தை எந்தச் சட்டமும் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.

மே மாதத்தில் நாதன் கைதானார். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படையினர் அழைக்கப்பட்டனர். தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியப் படையெடுப்பு வந்தது. கோரிக்கைகள் போருக்குப் பின்னரே மீண்டும் எழுந்தன. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது.

முடிவுரை

அமெரிக்கச் சீர்திருத்தம் குடிமக்கள் தம் அரசை நோக்கி எழுப்பிய குரல். தோட்டத் தமிழரோ, தம்மைக் குடிகளாகவே கருதாத ஓர் அரசிடம் மனிதராக மதிக்கப்பட வேண்டிக் குரலெழுப்பினர். ஆதலின், சட்டங்களின் பட்டியலை மட்டும் கொண்டு அவ்வரலாற்றை எழுதுதல் போதாது.

வட சிலாங்கூரின் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் மறைந்தாலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கோயிற் கணக்குகள், முதியோர் நினைவுகள் எஞ்சியுள்ளன. உலு யாம் போன்ற சிற்றூர்களின் ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு இவற்றைத் தொகுப்பாராயின், மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்களின் வரலாறு அவர்தம் பெயரன் பெயர்த்தியராலேயே எழுதப்படும். அதுவே நாம் அவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன்.