காத்திருந்த ஆசான்

வரிசையில் காத்திருப்பது எத்தகையது என்பதை ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் தம் பெயர் என்று வருமெனப் பார்த்திருந்தே தலை நரைத்தவர்கள் நம் காலனியில் பலருளர். அத்தகையோர் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு ஒன்று நாம் பிழைக்க வந்த இம்மும்பை மாநகரிலேயே நிகழ்ந்துள்ளது. அது கிரிக்கெட் ஆசான் அமோல் மஜும்தாரின் வரலாறு.

1988-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். ஆசாத் மைதானத்தில் பள்ளிச் சிறுவர்களுக்கான ஹாரிஸ் கேடய அரையிறுதி ஆட்டம். சாரதாஸ்ரமப் பள்ளியின் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் நின்று 664 ரன்கள் குவித்தனர். அடுத்து இறங்க வேண்டிய பையன் காலில் பேடு கட்டிக்கொண்டு காத்திருந்தான், காத்திருந்ததே மிச்சம். அவனே பதின்மூன்று வயது அமோல். அம்மூவருக்கும் ஆசான் ஒருவரே: ரமாகாந்த் அச்ரேக்கர்.

ஆறாண்டுகள் கழித்து, 1993–94 பருவத்தில், ரஞ்சிக் கோப்பையில் மும்பைக்காக முதன்முதல் ஆடிய அமோல், ஹரியாணாவுக்கு எதிராக 260 ரன்கள் எடுத்தார். முதல்தர ஆட்டத்தில் அறிமுகமானவர் எடுத்த மிகக் கூடுதலான ரன் என்ற அச்சாதனை 2018 வரை நிலைத்தது. 2006–07-இல் மும்பை அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். பின்னர் அஸ்ஸாமுக்கும் ஆந்திரத்துக்கும் ஆடி, 2014-இல் ஓய்வு பெற்றார். 171 முதல்தர ஆட்டங்கள், 11,167 ரன்கள், 30 சதங்கள். இத்தனையிருந்தும் இந்தியாவுக்காக ஒரேயொரு டெஸ்ட் ஆட்டமேனும் அவருக்கு வாய்க்கவில்லை. டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லட்சுமண் ஆகியோர் நடுவரிசையை நிறைத்திருந்த காலம் அது.

மனம் கசந்து ஒதுங்க இதனினும் தக்க காரணம் வேண்டுமோ? அவரோ ஒதுங்கவில்லை, கற்றதைக் கற்பிக்கப் புகுந்தார்.

2023 அக்டோபரில் இந்தியப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அவ்வணியும் காத்திருந்த அணியே. ஐம்பது ஓவர் உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் 2005-லும் 2017-லும் தோற்றிருந்தது. நம் சென்னையைச் சேர்ந்த டபிள்யூ. வி. ராமன் பயிற்சியாளராயிருந்த 2020-இல், இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி வரை சென்று ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

அமோல் பொறுப்பேற்ற ஆண்டின் டிசம்பரிலேயே, டெஸ்ட் ஆட்டத்தில் இங்கிலாந்தை 347 ரன் வித்தியாசத்தில் வென்றனர். வாங்கடே மைதானத்தில் ஆஸ்திரேலியாவை முதன்முறையாக டெஸ்டில் வீழ்த்தினர். ஆயினும் 2024-இல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் முதற்சுற்றோடு திரும்ப நேர்ந்தது. 2025 உலகக் கோப்பையிலோ தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து தோல்வி. ஊரெல்லாம் பழித்தது.

அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் அரையிறுதி. ஆஸ்திரேலியா எடுத்ததோ 338. எதிரணியைவிட ஒரு ரன் கூடுதலாக எடுத்தால் போதும் என்பதே அமோல் பலகையில் எழுதிக் காட்டிய உபதேசம். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் வெளியே உட்காரவைக்கப்பட்ட ஜெமிமா ரோட்ரிக்ஸ், அன்று மூன்றாவதாக இறங்கி 127 ரன்களுடன் ஆட்டமிழக்காது நின்று வென்று தந்தார். நவம்பர் 2-ஆம் நாள் இறுதியாட்டத்தில் இந்தியா 298, தென்னாப்பிரிக்கா 246. ஷபாலி வர்மா 87 ரன்கள் எடுத்தார். தீப்தி சர்மா 58 ரன்களோடு ஐந்து விக்கெட்டுகளையும் கைப்பற்றினார். கோப்பை நமதாயிற்று.

அணித்தலைவி ஹர்மன்பிரீத் கௌர் முன்னர் மேற்கு ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதில் நமக்குத் தனிப்பெருமை உண்டு. வென்றவுடன் அவர் தம் ஆசானின் பாதம் தொட்டு வணங்கினார். அக்காட்சியைக் கண்டு கண்ணீர் மல்கியவருள் நாமும் ஒருவர்.

தமக்குக் கிட்டாத இடத்தைப் பிறர் அடையத் துணை நிற்பதும் ஒரு பேறே. நம் காலனித் திடலில் மாலைதோறும் பையன்கள் ஆட, பெண்மக்கள் ஓரத்தில் நின்று பந்து பொறுக்கித் தருவதைக் காண்கிறோம். அவர்களும் காத்திருப்பவர்களே. பெற்றோராகிய நாம் அவர்கள் கையில் மட்டையைக் கொடுப்போமாக!