கடைசி வண்டியும் சனிக்கிழமை ராத்திரியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன மாதம் போன் செய்தான். "ண்ணா, நாளைக்கு எங்களுக்கு வீக் ஆஃப். ஷிப்ட் முடிஞ்சதும் நாலு பேரா மெட்ராஸ் போய் ஜாலியா சுத்தலாம்னு இருக்கோம். எங்க போலாம்?" இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்னேன். அவன் ஏற்கெனவே தேடியிருந்தான். மொட்டைமாடி ஹோட்டல், ஈசிஆரில் நடுராத்திரி டிரைவ், மகாபலிபுரம் போகும் வழியில் காபி என்று பட்டியல் பட்டியலாக வந்ததாம். "அதுக்கெல்லாம் கார் வேணும்ணா. எங்களுக்கு இருக்கிறது லாஸ்ட் டிரெயின் மட்டும்தான்" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பழைய குறிப்புகளைப் புரட்ட வைத்தது. ராத்திரியில் ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசும்போது எங்கே போவது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எப்படித் திரும்பி வருவது என்பதுதான் முதல் கேள்வி என்று எனக்குத் தோன்றியது. மெட்ராஸின் ராத்திரிகளை அந்தக் கண்ணோடு கொஞ்சம் பார்ப்போம்.

திருவள்ளூர் பக்கத்து கிராமங்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி தெருக்கூத்து நடக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கட்டியங்காரன் வருவான். கூத்து முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். கடைசி நாள் துரியோதனன் படுகளம், அது நல்ல வெளிச்சத்தில். கூத்து ஏன் விடிய விடிய நடக்கிறது என்பதற்குச் சடங்கு சார்ந்த காரணங்கள் உண்டு. என் ஊகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்கள் இருட்டில் எப்படித் திரும்பிப் போவார்கள்? விடிந்த பிறகு போவதுதான் சௌகரியம். ஆக, கடைசி வண்டி என்ற பிரச்சினையே இல்லாத ராத்திரி அது.

நகரத்து ராத்திரி அப்படி இல்லை. அங்கே முதலில் லீவு வேண்டும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அது மாதத்துக்கு நான்கு நாள் விடுமுறை தந்தது, ஆனால் குழந்தைத் தொழிலாளர்களுக்கு மட்டும். பெரியவர்களுக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை என்று சட்டத்தில் வந்தது 1891இல். வாரத்துக்கு 60 மணி நேரம்தான் என்ற வரம்பு 1922இல் வந்தது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரம்பு 48ஆக இருந்தது. "வீக் ஆஃப்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு வருஷங்கள் இருக்கின்றன.

அந்த லீவை வைத்துக்கொண்டு எங்கே போனார்கள்? மெரினாவுக்கு. 1880களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் கடற்கரையை ஒட்டி உலாவும் பாதை போட்டு, தான் பார்த்த சிசிலித் தீவின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார். சாரட்டு வண்டி வைத்திருந்தவர்கள் சாயங்காலம் காற்று வாங்க வந்த இடம் அது. வண்டி இல்லாதவர்களுக்கு? 1895இல் மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். சொந்தமாகக் குதிரையும் வண்டியும் இல்லாதவன் சம்பளப் பணத்தில் ஊரைச் சுற்ற வழி கிடைத்தது அப்போதுதான். 1953இல் டிராம் நின்றுபோனது.

அதே கடற்கரையில் இன்னொன்றும் நடந்தது. 1918இல் பெரம்பூர் பக்கம், பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி சென்னை தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். ஆலைக்காரர்கள் சொன்ன குறைகளில் மதியச் சாப்பாட்டுக்குக் கூட நேரம் போதவில்லை என்பதும் ஒன்று. ஐந்து வருஷம் கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். ஒன்று ஐகோர்ட்டுக்கு எதிரே உள்ள கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணி கடற்கரையில். மே தினத்தை விடுமுறை ஆக்க வேண்டும் என்பது அங்கே எழுந்த கோரிக்கை. இன்று மெரினாவில் நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டுகிறார்களே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை, அது 1959இல் வைத்தது. அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிற நாம், கடற்கரையில் காற்று வாங்கும் நேரத்தையே கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதை நினைப்பதில்லை.

கடற்கரைக்கு அடுத்தது சினிமா. மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் நிற்கிறது, இப்போது தபால்தலை விற்கும் இடமாக. 1914இல் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். பிறகு வந்த செகண்ட் ஷோ என்ற வழக்கம் நகரத்து ராத்திரியைப் பன்னிரண்டரை, ஒரு மணி வரை நீட்டியது. நடந்து வீடு போகிற தூரத்தில் இருப்பவனுக்கு அது வரப்பிரசாதம். ராயப்பேட்டைக்காரன் படம் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு நடந்து போனான். கும்மிடிப்பூண்டிக்காரன் போக முடியாது.

ஏனென்றால் அவனுடைய ராத்திரி சென்ட்ரலிலிருந்து 48 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. திருவள்ளூர்க்காரனுக்கு 42. இரண்டு பாதைகளிலும் மின்சார ரயில் வந்தது 1979இல். தொழிற்பேட்டை வளர்ந்ததும் மின்சார ரயில் ஓடியதும் ஏறக்குறைய ஒரே காலம். அந்த ரயில்தான் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை ஆட்களுக்கு மெட்ராஸைப் பக்கத்து ஊர் ஆக்கியது. ஆனால் கடைசி வண்டி போய்விட்டால் மறுபடியும் தூரத்து ஊர்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த வண்டி வந்து நிற்கும் இடத்தின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். 1900இல் திறந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல் என்று எதைக் கேட்டாலும் கிடைத்த இடம். பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலையும் இருந்தது. காசு செலவழிக்காமல் அரை நாள் சுற்றலாம். 1985இல் மார்க்கெட் எரிந்தது. அதே வருஷம் மிருகக்காட்சி சாலை வண்டலூரில் திறந்தது. முன்பு ஊர் சுற்ற வந்து இறங்கிய இடத்திலேயே ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டி ஏறலாம். இப்போது அந்த இடத்தில் பிளாட்பாரம் மட்டும்தான்.

இவ்வளவும் ஆண்களின் கதை. பெண்களுக்கு என்ன? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆவது பிரிவு ராத்திரி 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, போக்குவரத்து வசதி போன்ற நிபந்தனைகளுடன் ராத்திரி வேலையை அனுமதித்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள். நைட் ஷிப்டுக்கு ஒரு பெண்ணை வாசலில் வந்து ஏற்றிப்போக கம்பெனி பஸ் இருக்கிறது. அதே பெண் சனிக்கிழமை ராத்திரி கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுத் திரும்ப எந்த பஸ்ஸும் இல்லை. ஹாஸ்டல் கேட்டுக்கு ஒரு நேரம் வேறு. ராத்திரியில் வேலை செய்ய உரிமை வந்துவிட்டது, சும்மா இருக்க வழி வரவில்லை.

2019 ஜூனில் தமிழ்நாடு அரசு, பத்தோ அதற்கு மேலோ ஆட்கள் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அறிவித்தது. பிறகு அதை நீட்டித்தது. கடை திறந்திருக்கிறது, வண்டி இல்லை. அதே 2019இல், கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே எல்லை தாண்டி, சூலூர்ப்பேட்டை பக்கம் நூறு அடிக்கு மேல் அகலமுள்ள திரையோடு ஒரு தியேட்டர் வந்தது. கிராமத்து நெடுஞ்சாலை ஓரத்தில் அவ்வளவு பெரிய திரை! மெட்ராஸிலிருந்தே கார் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஜாலி என்றால் தெற்கே மெட்ராஸ்தான் என்ற கணக்கே இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது.

தம்பிக்கு என்ன சொன்னேன்? மூன்று வழி சொன்னேன். ஒன்று, ஷிப்ட் முடிந்ததும் ஏறி விம்கோ நகரில் இறங்கு. 2021இலிருந்து அங்கே மெட்ரோ இருக்கிறது. அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி மெரினாவுக்கு நட. உழைப்பாளர் சிலையைப் பார், பஜ்ஜி சாப்பிடு, கடைசி வண்டிக்கு முந்தின வண்டியைப் பிடி. கடைசி வண்டியை நம்பாதே. இரண்டு, நாலு பேர் சேர்ந்து வடக்கே போய் பெரிய திரையில் படம் பார். மூன்று, பக்கத்து ஊரில் அம்மன் திருவிழா வரட்டும், கூத்துக்குப் போ.

மூன்றாவதைக் கேட்டுச் சிரித்தான். "கூத்தா? அது எப்போ முடியும்?"

"விடிஞ்சதும். முதல் வண்டி ஓட ஆரம்பிச்சிருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் காலத்து ஆளுங்க வெவரமாத்தான் இருந்திருக்காங்க" என்றான்.