பிள்ளை பகா எண்

எண் கோட்பாட்டில் பிள்ளை பகா எண் என்பது, தொடர்பெருக்கத்துடன் தொடர்புடைய ஒரு வகுபடும் தன்மையைக் கொண்ட பகா எண் ஆகும். இன்றைய தென்காசி மாவட்டத்தில், குற்றாலத்திற்கு அருகிலுள்ள வல்லத்தில் பிறந்த கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளையின் (சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901–1950) பெயரால் இது அழைக்கப்படுகிறது.

வரையறை

1 முதல் ந வரையுள்ள முழு எண்களின் பெருக்கற்பலன் ந! எனக் குறிக்கப்படும். ப ஒரு பகா எண் என்க. 1-ஐ விடப் பெரிய ஏதேனும் ஒரு முழு எண் ந-வுக்குப் பின்வரும் இரண்டும் பொருந்தினால் ப ஒரு பிள்ளை பகா எண்ணாகும்:

1. ந! + 1 என்னும் எண் ப-ஆல் மீதியின்றி வகுபடும்.
2. ப-ஐ ந-ஆல் வகுக்கக் கிடைக்கும் மீதி 1 அன்று.

இவ்வகையின் முதல் சில எண்கள்: 23, 29, 59, 61, 67, 71, 79, 83.

பிள்ளையின் வினா

ந! + 1-ஐ ந-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1 ஆகும். அதன் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் அவ்வாறே 1-ஐ மீதியாகத் தருமா என்பது 1930-இல் பிள்ளை எழுப்பிய வினா. சிறிய எண்கள் 'ஆம்' என்றே விடை தருகின்றன:

5! + 1 = 121 = 11 × 11
6! + 1 = 721 = 7 × 103
7! + 1 = 5041 = 71 × 71

ஆனால் 8! + 1 = 40321 = 61 × 661. இவ்விரு காரணிகளும் 8-ஆல் வகுக்கும்போது 5-ஐ மீதியாகத் தருகின்றன. எனவே பொதுவான விடை 'இல்லை' என்பதாகும்.

ஒரு பெரிய எடுத்துக்காட்டு

14! + 1 = 87178291201 = 23 × 3790360487.

14-ஆல் வகுக்கும்போது 23 தரும் மீதி 9. பத்து இலக்கப் பகா எண்ணான 3790360487 தரும் மீதி 11. ஆகவே இரண்டும் பிள்ளை பகா எண்களே. 9 × 11 = 99; இதை 14-ஆல் வகுத்தால் மீதி 1. முழுப் பெருக்கற்பலனின் மீதி 1 ஆக இருக்கவேண்டுமாதலால், ஒரு காரணி விலகினால் எஞ்சியவற்றின் பெருக்கற்பலனும் விலகியே தீரும்.

எண்ணிக்கை

பிள்ளை பகா எண்கள் முடிவிலி எண்ணிக்கையில் உள்ளன என்பதை எர்டோசு, சுப்பாராவ் ஆகியோர் நிறுவியுள்ளனர். ஜி. ஈ. ஹார்டியும் சுப்பாராவும் இதுபற்றி 2002-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். இந்த ஹார்டி, இராமானுசனுடன் பணியாற்றிய ஜி. எச். ஹார்டி அல்லர். பகா எண்கள் அனைத்திலும் இவற்றின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

எஸ். எஸ். பிள்ளை

இலஞ்சியிலும் செங்கோட்டையிலும் பள்ளிக்கல்வி பயின்ற பிள்ளை, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எந்த நேர்ம முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என 1940-இல் நிறுவினார். அமெரிக்காவில் நடைபெறவிருந்த அனைத்துலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், 1950 ஆகத்து 31 அன்று கெய்ரோவிற்கு அருகே நிகழ்ந்த வானூர்தி விபத்தில் தமது 49ஆம் வயதில் காலமானார்.