பல்லச்சு சிஎன்சி எந்திரங்கள்

சிஎன்சி எந்திரத்தில் அச்சு என்பது, நிரலின் ஆணைப்படி டூலோ ஜாப்போ நகரும் அல்லது சுழலும் ஒரு வழி. எக்ஸ், ஒய், இசட் மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தான நேர்கோட்டு அச்சுகள். அவற்றைச் சுற்றிய சுழற்சிகள் முறையே ஏ, பி, சி. இப்பெயர்களை ஐஎஸ்ஓ 841 தரநிலை வகுத்துள்ளது. அதன்படி ஸ்பிண்டிலுக்கு இணையானது இசட். ஜாப்பை விட்டு டூல் விலகும் பக்கமே அதன் நேர்த்திசை. இசட் என்றால் உயரம் என்று மனப்பாடம் செய்தவர்கள் லேத்துக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான். செங்குத்து மில்லிங்கில் மேலும் கீழுமாக இருக்கும் இசட், சாதாரண லேத்தில் கிடையாகப் படுத்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் சுழல் இறக்கைகளைத் தயாரித்து வந்தார். அவரிடம் இருந்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், வளைவின் புள்ளிகளை ஐபிஎம் துளையட்டைக் கணிப்பொறியில் கணக்கிட்டார். அந்த எண்களை ஒருவர் உரக்கப் படிக்க, எக்ஸ் அச்சுக்கு ஒருவரும் ஒய் அச்சுக்கு ஒருவரும் நின்று மில்லிங் எந்திரத்தை நகர்த்தினர். ஓர் அச்சுக்கு ஓர் ஆள் என்ற இந்த ஏற்பாட்டில்தான் பல்லச்சுக் கட்டுப்பாட்டின் கரு இருக்கிறது. 1949இல் அமெரிக்க விமானப்படை பார்சன்ஸுக்கு ஒப்பந்தம் அளித்தது. மோட்டார்க் கட்டுப்பாட்டுப் பணி எம்ஐடியின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகத்துக்குச் சென்றது. 1952இல் அங்கே ஒரு சின்சினாட்டி ஹைட்ரோடெல் எந்திரம், துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று அச்சுகளையும் ஒருங்கே இயக்கிக் காட்டியது. ஆனால் நாடாவுக்கான கணக்கைக் கையால் போடுவது பெரும்பாடு. எம்ஐடியில் டக்ளஸ் ராஸ் குழுவினர் உருவாக்கி 1959இல் அறிமுகப்படுத்திய ஏபிடி நிரல்மொழி அந்தச் சுமையைக் கணினிக்கு மாற்றியது.

ஒரு பொருள் வெளியில் முழு விடுதலையோடு அசைய ஆறு வழிகள் உண்டு. மில்லிங் டூல் தன் அச்சிலேயே சுழன்றுகொண்டிருப்பதால், அந்த ஒரு வழியைத் தனியே கட்டுப்படுத்தத் தேவையில்லை, ஐந்து போதும். கப்பல் புரொப்பெல்லர், டர்பைன் இறக்கை போன்ற முறுக்கிய பரப்புகளில் டூல் ஒவ்வொரு கணமும் சாய்வை மாற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். சாய்வை நிறுத்திப் பூட்டிவிட்டு மூன்று அச்சுகளில் மட்டும் வெட்டுவதற்கு 3+2 முறை என்று பெயர். பல பக்கங்களில் துளையிட அது நல்ல வழி. ஆனால் அதையும் ஐந்து அச்சு என்றே விற்பது வாங்குபவரைக் குழப்பும். எந்திரத்தில் எத்தனை அச்சுகள் உள்ளன என்பதைவிட, எத்தனை ஒரே நேரத்தில் இணைந்து அசையும் என்பதே அதன் திறனைச் சொல்லும்.

இந்த வேறுபாடு உலக அரசியலிலும் புயலைக் கிளப்பியது. 1980களின் தொடக்கத்தில் தோஷிபா மெஷின் நிறுவனம் ஒன்பது அச்சு புரொப்பெல்லர் மில்லிங் எந்திரங்களைச் சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடுக்கு அனுப்பியது. கட்டுப்பாட்டுக் கருவிகளை நார்வேயின் கோங்ஸ்பெர்க் வழங்கியது. மேற்கு நாடுகளின் கோகாம் ஏற்றுமதி விதிகளைத் தாண்ட, உரிம விண்ணப்பத்தில் அவை இரண்டு அச்சு எந்திரங்கள் என்று காட்டப்பட்டன. 1987இல் செய்தி வெளியானதும், சோவியத் நீர்மூழ்கிகளின் ஓசை குறைய இவை உதவின என்று அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. தாய் நிறுவனமான தோஷிபாவின் தலைவரும் அதே ஆண்டில் பதவி விலகினார். கோகாம் 1994இல் கலைந்தது. அதன் இடத்துக்கு வந்த வாசனார் உடன்பாட்டில் இந்தியா 2017இல் சேர்ந்தது. ஒரே நேரத்தில் ஐந்து அச்சுகளை இணைத்து இயக்கக்கூடிய மில்லிங் எந்திரங்கள் அந்த உடன்பாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.